தினமும் ஓட்டக் கூரை திறக்கும் வண்டி: கவினுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி கவினுக்கு,

மாஸ்டா எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷ் பாக்ஸ்டர் மூன்றும் பழைய வண்டிச் சந்தையில் உன் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். லண்டன் குரோய்டனில் தெருவோரம்தான் நிறுத்துவாய். மழையோ உறைபனியோ, தினமும் வேலைக்கு அதில்தான் போவாய். விடுமுறை நாளில் மட்டும் வெளியே எடுப்பவன் என்றால் மனதுக்குப் பிடித்ததை வாங்கு என்று விட்டிருப்பேன். தினமும் ஓட்டுகிறவன் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன், கூரையில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும்.

துணிக்கூரையில் விழும் தண்ணீர் பின்பக்க மடிப்பில் இறங்கி, இருபுறமும் இருக்கும் வடிகுழாய்கள் வழியே தரைக்குப் போகும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாயை அடைக்கும். அப்புறம் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில், அதாவது 2005 வரை வந்தவற்றில், அது கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் வெற்றுத் தகட்டுப் பெட்டிக்குள் (சில்) தங்கி உள்ளேயிருந்து துருவாக்கும். வெளியே பெயின்ட் பொங்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே போயிருக்கும். 2002 முதல் 2008 வரை வந்த முதல் இசட்4இல் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டார், கூரை மடியும் குழியின் அடியிலேயே இருக்கிறது. வடிகுழாய் அடைத்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். முதல் பாக்ஸ்டரில் (986) சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பெட்டி இருக்கைக்கு அடியில், தரைவிரிப்போடு இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

எனவே வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போ. விற்பவரிடம் கேட்டுவிட்டு, வடிகுழாயின் வாயில் அரை லிட்டர் மெதுவாக ஊற்று. கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் ஒழுக வேண்டும். ஒழுகாமல் மேலேயே நின்றால் இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்திப் பார். மேல்துணி காய்ந்திருந்தாலும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். அடைப்பை எடுக்க வளையும் நைலான் கம்பி போதும். காற்றழுத்தத்தால் ஊதாதே, உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் தண்ணீர் நேரே வண்டிக்குள் இறங்கும்.

இனி எஞ்சின். பாக்ஸ்டர் ஓட்டுவதற்கு மூன்றிலும் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கி கிடைக்கிறது. வாரச் சாமான் முழுக்க அடங்கும். ஆனால் 2008 வரை வந்த எஞ்சின்களில் ஐஎம்எஸ் எனும் இடைத்தண்டின் பேரிங் உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போகும். ஏறத்தாழ 2000 முதல் 2005 வரை போட்ட ஒற்றை வரிசைச் சின்ன பேரிங்தான் அதிகம் உடைவது. 2006 முதல் 2008 வரை வந்தது பெரியது, உறுதியானது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் இந்தப் பேரிங்கே இல்லை. பழையதை வாங்குவதென்றால், கிளட்ச் மாற்றியபோது பேரிங்கையும் மாற்றிய பில் கையில் வர வேண்டும். கிளட்சுக்காக கியர்பாக்ஸ் இறங்கும் நேரத்தில்தான் அந்த வேலை நியாயமான செலவில் முடியும். கழற்றிய ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை விரித்து உலோகத்தூள் மின்னுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல். முன்பம்பருக்குள் இருக்கும் ரேடியேட்டர்களில் சேரும் இலை ஈரத்தைப் பிடித்துவைத்து ஏசி கண்டென்சரை அரிக்கும். ஏசி வேலை செய்யாத பாக்ஸ்டரில் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இசட்4இல் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பார். 2006இல் வந்த என்52 நல்ல எஞ்சின். ஆனால் அதன் வாட்டர் பம்ப் பெல்ட்டில் சுற்றுவதல்ல, மின்சாரத்தில் ஓடுவது. முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். 80,000 மைல் தாண்டியும் மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையிலேயே கழித்துக்கொள். அதற்கு முந்தைய எம்54இல் பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி வெடிக்கும். ஸ்டீயரிங்கும் மின்சாரம்தான். வண்டி நன்றாகச் சூடான பிறகு மோட்டார்வேயில் நேராகப் போகும்போது சின்னத் திருத்தத்துக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டு பிறகு விடுகிறதா என்று கவனி. பத்து நிமிட ஓட்டத்தில் இது தெரியாது. அரை மணி நேரமாவது ஓட்டு. கம்பெனியில் வந்த, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்கள் லண்டன் குழிகளில் முதுகைப் பதம் பார்க்கும். ஸ்டெப்னி வைக்க இடமில்லாததால் சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்எக்ஸ்-5இல் உனக்கு நான் சொல்வது 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை. அதிலும் 2009 மாற்றத்துக்குப் பிந்தைய 2.0 லிட்டர். அதில் அடித்து உருவாக்கிய கிராங்க்ஷாஃப்ட் இருக்கிறது, எஞ்சின் இன்னும் மேலே சுற்றும். பின்பிரேக் காலிபர்கள், அதாவது பிரேக் பேடுகளை டிஸ்கில் அழுத்தும் பிடிகள், இறுகிப்போவது இதன் தீராத நோய். கைப்பிரேக்கின் பொறி காலிபருக்குள்ளேயே இருப்பதால் உப்புத் தெளித்த சாலையில் ஓடியது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டு போ, தொடாதே. ஒன்று மட்டும் அனலடித்தால் காலிபர் மாற்ற வேண்டும். அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டத்தையும், சக்கர அலைன்மென்ட் சரிசெய்யும் போல்ட்டுகளையும் பார். அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், கூலி கூடும். எஞ்சின் ஆயில் குடிக்கும், அதனால் டிப்ஸ்டிக்கை நீயே இழுத்துப் பார். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் வேறு வண்டி தேடு.

இதே வண்டி மடங்கும் கெட்டிக்கூரையோடும் வருகிறது. சுமார் 12 நொடியில் மடியும். துணிக்கூரை வண்டியைவிட எடை 40 கிலோவுக்குள்தான் கூடுதல். 150 லிட்டர் டிக்கியிலும் இடம் குறையாது. தெருவில் நிற்கும் வண்டியில் துணியைப் பிளேடால் கிழிப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆகவே உனக்கு இதுவே சரி. ஆனால் கூரையை இரண்டு முறை திறந்து மூடிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2வை விட்டுவிடு. முன்னால் ஸ்டெப்னியும் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு அறையும்தான், டிக்கி என்று ஒன்றில்லை.

காகிதங்களை நேரில் போவதற்கு முன்பே பார்த்துவிடலாம். நம்பர் பிளேட்டைக் கொடுத்தால் அரசுத் தளத்தில் எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு இலவசமாக வரும். தேறியதா தோற்றதா என்பதைவிட, அறிவுரையாக எழுதியிருப்பதைப் படி. ஒரே இடத்துத் துரு மூன்று வருடம் தொடர்ந்து எழுதப்பட்டு, நாலாம் வருடம் காணாமல் போயிருந்தால் வெல்டிங் பில்லைக் கேள். பில் இல்லையென்றால் தார்ப்பூச்சு அடித்து மறைத்திருக்கலாம். லண்டன் புகைக் கட்டணம் உண்டா என்பதையும் நம்பரை வைத்தே பார்க்கலாம். உண்டென்றால் உனக்கு அது ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு.

சாலை வரியில் ஒரு தேதியை மறக்காதே: 2006 மார்ச் 23. அதற்கு முன் பதிவான வண்டிக்கு, கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமிலவாயு விட்டாலும் வரி ஒரு படியோடு நின்றுவிடும். அந்தத் தேதியிலோ பிறகோ பதிவானதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. ஒரே பாக்ஸ்டர், சில வாரம் தள்ளிப் பதிவானதற்காக ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு கூடக் கேட்கும்.

விற்பனை விளம்பரங்களைப் பார்த்து மூன்று எம்எக்ஸ்-5களின் நம்பரை எனக்கு அனுப்பு. எம்ஓடி வரலாற்றைப் படித்துவிட்டு எதை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை எதற்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்