92இல் தொடங்கும் எண்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்லடம், சோமனூர் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடமாகத் தறி மெக்கானிக்காக இருக்கிறேன். சாதா விசைத்தறியில் தொழில் பழகி, இப்போது நாடா இல்லாத ரேப்பியர் தறிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். நடுவில் எட்டு வருடம் மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் இருந்தேன். இந்தி அங்கே வந்தது. எழுதப் படிக்க இன்றைக்கும் தெரியாது, பேசினால் எல்லாம் புரியும்.

எங்கள் தொழில்காரர்களுக்கென்று ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. பழைய இறக்குமதித் தறியில் கோளாறு வந்தால் படம் போட்டுக் கேட்போம், தெரிந்தவர் பதில் சொல்வார். சூரத், இச்சல்கரஞ்சி, பிவண்டி, நம்ம பகுதி ஆட்கள் எல்லாரும் உண்டு. வங்கதேசத்தவர்களும் பாகிஸ்தான்காரர்களும் இருந்தார்கள். 2025 மே மாதம் சண்டை நடந்த வாரத்தில், 92 என்று தொடங்கும் பாகிஸ்தான் எண்கள் அத்தனையையும் குழுவை நடத்துகிறவர்கள் ஒரே இரவில் நீக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு அது சரி என்றுதான் நானும் இருந்தேன். பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதைப் படித்த பிறகு யாருக்கு மனசு ஆறும்? என் அக்கா மகன் அப்போது எல்லையில் பணியில் இருந்தான். மே 7 முதல் 10 வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போன் மணி அடித்தால் அக்கா எடுக்கமாட்டாள், என்னிடம் நீட்டுவாள்.

சண்டை நின்றது. நீக்கியவர்களை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் மட்டும் நடந்த சங்கதி இல்லை இது. எத்தனையோ தொழில் குழுக்களில் அந்த மாதம் இப்படி நடந்திருக்கும். அதனால்தான் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

2024 சித்திரை மாதம். எங்கள் ஊரில் ஒரு தறிக்கூடத்தில் ஆறு ரேப்பியர் தறி ஓடுகிறது. அதில் நான்காவது தறி காலையில் நன்றாக ஓடும். மதியம் ஒரு மணிக்கு மேல் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நின்றுவிடும். ரேப்பியர் தறியில் இடப்பக்கக் கை, குறுக்கே போகும் ஊடை நூலைக் கவ்விக்கொண்டு நடுவுக்கு வரும், வலப்பக்கக் கை அங்கே அதை வாங்கி மறு ஓரத்துக்கு இழுத்துப் போகும். கைமாறும் இடத்தில் நூல் நழுவியது. டைமிங் பார்த்தேன். ஸ்பிரிங்கை இரண்டு முறை மாற்றினேன். மூன்று நாள் ஆகியும் தீரவில்லை. கூலிக்கு நெய்கிற முதலாளி, அவருக்குத் தறி நின்றால் அன்றைக்கு வரும்படி இல்லை. ஒன்றும் சொல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று இரவு குழுவில் கேட்டேன். பாகிஸ்தானின் பைசலாபாத்திலிருந்து ஒருவர் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். "உஸ்தாத் ஜி, இனிமேல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள்." மறுநாள் மதியம் எடுத்து அனுப்பினேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது: வலக்கை நூலை வாங்குகிறது, கவ்வுகிறது, ஆனால் கவ்வு முழுதாக மூடவில்லை. மயிரிழை அளவுக்கு இடைவெளி. கழற்றிப் பார்த்தால், கவ்வுக்கு அடியில் பஞ்சுத் தூசி எண்ணெயில் ஊறி, கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நகக்கண் அளவுகூட இருக்காது. ஊசியால் கிண்டித்தான் எடுக்க முடிந்தது. மதியம் காற்று காய்ந்து போகும், நூலிலிருந்து பஞ்சு அதிகம் பறக்கும், ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள் என்றார். அவர்கள் ஊரில் ஜூன் மாதத்தில் 45 டிகிரி வரைக்கும் வெயில் போகும். தறிக்கூடத்தில் ஈரப்பதம் 75 சதவீதமாவது இல்லாவிட்டால் பருத்தி நூல் தாங்காது என்பது அவருக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரியவில்லை, அந்த வெயில்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. குழித்தறியைத் தரையில் தோண்டிப் போட்டதே மண்ணின் ஈரத்துக்காகத்தான் என்று எங்கள் அப்பாரு சொல்வார். அதை அவரிடம் சொன்னேன். அவருடைய பாட்டனாரும் குழித்தறியில் நெய்தவராம்.

அப்புறம் அவர்களுக்கும் நம்மிடம் கற்றுக்கொள்ள இருந்தது. அங்கே மின்வெட்டு அதிகம். 2012இல் நாம் பட்ட பாடு தெரியாதா? மின்சாரம் போய்த் தறி நின்றால் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் இழுவிசையிலேயே நிற்கும், நூல் நீண்டுவிடும், திரும்ப ஓட்டும்போது துணியில் குறுக்கே கோடு விழும். அந்தக் கோட்டுக்காகத் துணியைத் தள்ளிவிடுவார்கள். அந்த வருடம் நாங்கள் கண்டுபிடித்துப் பழகிய முறைகளை நான் சொல்லச் சொல்ல அவர் அங்கே செய்து பார்த்து, துணியைப் படம் பிடித்து அனுப்புவார்.

குழுவில் நடந்ததைத் தம்பி மகனிடம் சொல்லி வருத்தப்பட்டேன். சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை பார்க்கிறான். இது நேற்றுத் தொடங்கிய சண்டை இல்லை பெரியப்பா என்று ஒரு கதை சொன்னான். இன்டர்நெட் நம் வீடுகளுக்கு வரும் முன்பே யூஸ்நெட் என்று ஒரு விவாத வலை இருந்ததாம். அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆட்கள் அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1984 ஏப்ரல் 1 அன்று, சோவியத் தலைவர் செர்னென்கோ பெயரில், கிரெம்வாக்ஸ் என்ற கணினியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: சோவியத் நாடும் உங்கள் வலையில் சேர்கிறது, இனி நேரடியாகப் பேசலாம் என்று. பலர் நம்பிவிட்டார்கள். வரவேற்றவர்களும் உண்டு, சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எழுதியது ஆம்ஸ்டர்டாமில் இருந்த பீட் பீர்டெமா என்ற கணினி ஆள், முட்டாள்கள் தினத்துக்காக.

ஆறே வருடத்தில் அது நிஜமானது. 1990இல் மாஸ்கோ கணினிக்காரர்கள் பின்லாந்து வழியாகத் தொலைபேசிக் கம்பியில் அந்த வலையில் சேர்ந்தார்கள். ஒரு கணினிக்கு கிரெம்வாக்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். 1991 ஆகஸ்டில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது அரசுத் தொலைக்காட்சியில் பாலே நடனம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கணினிக்காரர்கள்தான் வலை வழியாக வெளியே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சேர்க்காமலே விட்டிருந்தால் அந்த மூன்று நாள் செய்தி அந்த வழியில் வந்திருக்குமா?

பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலேயே, "ஏனுங்க, அந்த நாட்டுக்காரங்ககிட்டப் பேசறீங்களே, நாளைக்கு வம்பு ஏதாச்சும் வந்தா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சமூக வலைத்தளத்தில் ஆசை காட்டி ராணுவத் தகவல் கறந்த வழக்குகளை நாமும் படிக்கிறோம். அதற்குக் கதவில் தாழ்ப்பாள் வேண்டும், கதவையே செங்கல் வைத்து அடைக்க வேண்டியதில்லை. தறி, நூல், மோட்டார் தவிர வேறு பேச்சு கூடாது. ஊர், இடம் தெரிகிற படம் கூடாது. பணம், சரக்கு, தனி அழைப்பு எதுவும் கூடாது. மீறினால் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் வெளியே. 2025 மே மாதத்தில் அங்கிருந்து வரும் இறக்குமதியை நம் அரசு முழுதாகத் தடை செய்தது. அதை நான் மதிக்கிறேன், ஒரு போல்ட்கூட வாங்கச் சொல்லவில்லை.

தொழில் ரகசியம் போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கரூர் படுக்கை விரிப்புக்கும் பைசலாபாத் விரிப்புக்கும் வெளிநாட்டில் போட்டி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சரக்கு 2014 முதல் ஐரோப்பாவில் சலுகை வரித் திட்டத்தில் தீர்வை இல்லாமல் இறங்குகிறது, நம் சரக்கு தீர்வை கட்டிப் போனது. அடி விழுந்தது அங்கே. கவ்வுக்கு அடியில் இருக்கும் பஞ்சை எப்படி எடுப்பது என்று ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்குச் சொன்னதால் நமக்கு எந்த ஆர்டரும் போகவில்லை. டிசைனையும் விலையையும் எங்கள் குழுவில் யாரும் பேசுவதும் இல்லை.

நம் அரசாங்கங்களே பேச்சை முழுதாக வெட்டவில்லை. இரண்டு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று மாற்றிக்கொள்கின்றன. கார்கிலில் சண்டை போட்ட 1999க்கு அடுத்த ஜனவரியிலும் மாற்றிக்கொண்டார்கள். 2025 மே 10 அன்று இரு ராணுவ அதிகாரிகள் தொலைபேசியில் பேசித்தான் துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்தினார்கள். என் அக்கா அன்று இரவுதான் தூங்கினாள். ராணுவத்துக்கு ஒரு கம்பி இருக்கும்போது, தறிக்காரனுக்கு ஒன்று இருந்தால் என்ன?

அவர் கடைசியாக அனுப்பிய பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. மே முதல் வாரம். பின்னால் தறிச் சத்தம் கேட்கிறது. இரவில் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நின்ற தறியில் எத்தனை பிக் (ஊடை நூல் ஒருதரம் போவது ஒரு பிக்) பின்னால் ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நூலைப் பொறுத்தது, முதலில் பாவைத் தளர்த்துங்கள், அப்புறம் இரண்டு பிக் ஓட்டிப் பாருங்கள் என்று நான் பதில் பேசி முடிப்பதற்குள் அவர் எண் குழுவில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தறி மெக்கானிக்,
சாமளாபுரம், திருப்பூர் மாவட்டம்.