விலகி நிற்கும் விடைகளை நீக்கச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

உளவியல் ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும் வணக்கம்.

மனநிலையையோ பண்பையோ கூற்றுகளின் வழியே அளக்கும் புதிய அளவுகோல் ஒன்றை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: வழக்கத்துக்கு மாறாக விடையளித்தவர்கள் பகுப்பாய்வுக்கு முன் நீக்கப்பட்டார்கள். எத்தனை பேர், எந்த விதிப்படி, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற விவரம் பல நேரங்களில் இருப்பதில்லை. அடுத்த பத்தியில், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் க்ரோன்பாக் ஆல்ஃபா மனநிறைவான உயரத்தில் நிற்கும். கூற்றுகள் எந்தெந்தப் பண்புகளாக (காரணிகளாக)த் திரள்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வும் எதிர்பார்த்தபடியே வந்திருக்கும். நீங்களும் ஒப்புதல் அளித்துவிடுகிறீர்கள். நீக்கும்படி ஆசிரியர்களைத் தூண்டுவதே சில வேளைகளில் மதிப்பாய்வுக் குறிப்புதான். அதனால்தான் இந்த மடல் ஆய்வாளர்களுக்கு அல்லாமல் உங்களுக்கு.

கவனமின்றி விடையளிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் கேடு விளைகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985-லேயே ஒன்றைக் காட்டினார்கள். எதிர்த்திசையில் எழுதப்பட்ட, அதாவது ஆமோதித்தால் பண்பு குறைவு என்று பொருள்படும் கூற்றுகளைப் பதிலளிப்பவர்களில் பத்து விழுக்காட்டினர் கவனிக்காமல் விட்டாலே போதும். அந்தக் கூற்றுகள் தனியே திரண்டு, இல்லாத ஒரு காரணியை உண்டாக்கிவிடும். 1965-இல் வெளிவந்த ரோசன்பெர்க்கின் தன்மதிப்பு அளவுகோலில் பத்துக் கூற்றுகளில் ஐந்து எதிர்மறையானவை. அது அளப்பது ஒரு பண்பையா இரண்டையா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நீள்வதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஆனால் கவனமின்மை தரவை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அளவுகோலைப் பொறுத்தது. எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தால், ஒரே கட்டத்தை மேலிருந்து கீழ்வரை குறித்துவிட்டுப் போகிறவர் ஆல்ஃபாவை உயர்த்தவே செய்வார். அவரை நீக்கினால் எண் இறங்கும். ஆகவே அவரை நீக்க யாருக்கும் அவசரமில்லை. கண்மூடித்தனமாகக் குறிப்பவர் தொடர்புகளைக் குறைப்பார் என்று பாடம் படித்திருக்கிறோம். தற்கொலை எண்ணம் போன்ற, பெரும்பாலோர் ‘ஒருபோதும் இல்லை’ என்று சொல்லும் பொருள்களில் நடப்பது நேர்மாறு. கண்மூடிக் குறிப்பவரின் விடைகள் அளவையின் நடுப்பகுதியைச் சுற்றி விழுவதால், ஒவ்வொரு கூற்றிலும் அவர் மற்றவர்களைவிட உயரத்தில் நிற்கிறார். கூற்றுகளுக்கிடையிலான தொடர்பு பொய்யாகப் பெருக்கிறது. அளவுகோல் வலுவானது என்று நாம் மகிழ்கிறோம்.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். 1936-இல் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் வகுத்த தொலைவைக் கொண்டு விலகல்களைப் பிடிப்பது நம் வழக்கம். மையத்திலிருந்து யார் தூரத்தில் இருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்லும். எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தைக் குறித்த சோம்பேறி பெரும்பாலும் மையத்துக்கு அருகிலேயே இருப்பார், தப்பிவிடுவார். மனச்சோர்வு அளவுகோலில் ‘துயரம் இல்லை’ என்று குறித்துவிட்டு, உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு மூன்றிலும் உச்சக் கட்டத்தைக் குறித்த ஒருவர் மாட்டிக்கொள்வார். துயரத்தைச் சொல்லாமல் உடல் உபாதைகளாகவே மனச்சோர்வை உணர்த்துவோர் உண்டு என்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. எவரைக் கண்டறிய அளவுகோல் செய்கிறோமோ அவரையே அதன் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறோம்.

ஒருவர் ஒவ்வொரு கூற்றுக்கும் எப்படி விடையளிப்பார் என்று கணிக்கும் விடைக் கோட்பாட்டு மாதிரிகளிலிருந்து, அவரது விடைகள் அந்தக் கணிப்போடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஆள்பொருத்தச் சுட்டெண்களைப் பெறுகிறோம். அவை இதைவிட நுட்பமானவைதான். அவற்றிலும் ஒரு சுழல் இருக்கிறது. மாதிரிக்குப் பொருந்தாதவர்களை நீக்குகிறோம். பிறகு, மீதமுள்ளோருக்கு மாதிரி நன்றாகப் பொருந்துகிறது என்று எழுதுகிறோம். தராசுக்கு ஒத்துவராத பண்டங்களை ஒதுக்கிவிட்டுத் தராசு சரி என்று முத்திரை குத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? போதாததற்கு, கூற்றுகளின் கடினத்தை மதிப்பிட்டதும் அதே கலப்படத் தரவிலிருந்துதான்.

விடையளித்த நேரமும் அப்படியே. ஒரு கூற்றுக்கு 2 விநாடிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டால் படித்திருக்க முடியாது என்ற விதியை ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் முன்வைத்தார்கள். குறுகிய கூற்றுகளை விரைந்து படிப்பவருக்கும், நீண்ட கூற்றுகளைத் திணறிப் படிப்பவருக்கும் அதே 2 விநாடியை நீட்டுவது விதியை எழுதியவர்களின் குற்றமல்ல, அதைக் கண்மூடிப் பயன்படுத்தும் நம் குற்றம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ‘நான் பயனற்றவன் அல்ல என்று நினைக்காமல் இருப்பதில்லை’ என்பதுபோன்ற ஒரு கூற்றை எழுதி வைக்கிறோம். அதில் தடுமாறுகிறவர்களில் பள்ளிப்படிப்பு குறைந்தவர்களும், அந்த மொழியைப் பிற்பாடு கற்றவர்களும் அதிகமாக இருப்பார்கள். முரண்பட்டு விடையளித்தார்கள் என்று அவர்களை நீக்குகிறோம். தவறு கூற்றினுடையது, வெளியேற்றப்பட்டவர் மனிதர். எஞ்சியவர்களின் சராசரியைக் கொண்டு எல்லோருக்குமான நெறியளவுகளை அச்சிடுகிறோம். பின்னாளில், நீக்கப்பட்டவரைப் போன்ற ஒருவர் சிகிச்சைக்கு வரும்போது, அவரை ஒப்பிட்டுப் பார்க்க அட்டவணையில் அவரைப் போன்றவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே சில கோரிக்கைகள். நீக்கும் விதி தரவு திரட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே சுட்டெண்ணை நம்பி ஒருவரைத் தள்ளக்கூடாது. நேரம், ஒரே விடையின் தொடர் நீளம், எதிரெதிர்க் கூற்றுகளின் ஒத்திசைவு ஆகியவை சேர்ந்து சுட்டும்போதுதான் கவனமின்மை என்ற முடிவுக்கு வர இயலும். நீக்குவதற்கு முன்னும் பின்னும் கிடைத்த முடிவுகள் இரண்டையும் கேளுங்கள். நீக்கப்பட்டவர்களின் வயது, கல்வி, மொழி எஞ்சியவர்களிடமிருந்து வேறுபடுகின்றனவா என்பதையும் கேளுங்கள். விலகல்கள் எல்லாம் இரண்டு மூன்று கூற்றுகளையே சுற்றி நின்றால், திருத்த வேண்டியது மக்கள்தொகையை அல்ல, அந்தக் கூற்றுகளை. வாய்ப்பிருந்தால், விலகி விடையளித்தவர்களில் சிலரிடமாவது ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்’ என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆள்பொருத்தச் சுட்டெண்களை ஒரு பட்டியலாக்கிப் பின்னிணைப்பில் போடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

உங்கள் தரப்பிலும் ஒன்று மாற வேண்டும். 1999-இல் ஹூவும் பென்ட்லரும் பரிந்துரைத்த 0.95 என்ற பொருத்த எல்லையை (மாதிரி தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான எண்ணை) விதிவிலக்கற்ற வாசற்படியாக நீங்கள் வைத்திருக்கும்வரை, 0.93 கிடைத்த ஆய்வாளரின் கை நீக்கும் பொத்தானை நோக்கித்தான் போகும். விலகியவர்களைச் சேர்த்துக்கொண்டு 0.93 என்று நேர்மையாக எழுதிய கட்டுரையையும், யாரையோ விட்டுவிட்டு 0.96 காட்டும் கட்டுரையையும் அடுத்த முறை அருகருகே பெறும்போது, இரண்டாவதன் ஆசிரியரிடம் நீக்கப்பட்ட வரிசைகளை அனுப்பும்படி கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
அளவுகோல்களை உருவாக்கியும் பயன்படுத்தியும் வரும் ஓர் ஆய்வாளர்