செவ்வாய்க்கு ஆள் அனுப்பத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மனிதர்களைச் செவ்வாய்க்கு அனுப்பத் திட்டம் வகுக்கும் விண்வெளி அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

ராக்கெட்டைப் பற்றி உங்களிடம் கேள்வி கேட்கும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. எரிபொருள், கதிர்வீச்சு, தரையிறங்கும் முறை எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். அங்கே போகிறவர் வீட்டாரிடம் எதையாவது கேட்டால், பதில் வரும்வரை அவருக்கு என்ன ஏற்பாடு?

செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 40 கோடி. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். "அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். தூரம் அதிகமாக இருக்கும் மாதங்களில் பதில் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் இங்கே இருப்பவர் கேட்டதுமே வாயைத் திறந்திருந்தால். அதற்குள் அவர் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு வெளியே வேலைக்குப் போயிருப்பார், அல்லது தூங்கியிருப்பார். முகம் பார்த்துப் பேசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போதாக்குறைக்கு ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்துவிடும். சிக்னல் சிதைந்துபோகும் என்பதால், இப்போது அங்கே இருக்கும் இயந்திரங்களுக்கே அந்தச் சமயத்தில் சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்பாமல் நிறுத்திவைக்கிறீர்கள். இயந்திரம் கொடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். மனிதர்களை அப்படி விட்டுவைக்க முடியுமா?

1969 ஜூலையில் இரண்டு பேர் நிலவில் இறங்கியிருந்தபோது மைக்கேல் காலின்ஸ் தனியாக மேலே சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் பின்பக்கம் போகும்போது சுமார் 48 நிமிடம் யாரோடும் பேச முடியாது. அவரைவிடத் தனிமையான மனிதர் இல்லை என்று உலகமே சொன்னது. தனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரை நம்புகிறேன். கை நிறைய வேலை இருந்தது. 48 நிமிடம் முடிந்ததும் குரல் கேட்கும் என்பது கடிகாரத்தைப் பார்த்தாலே தெரியும். ஆள் இல்லாத இடத்தில் இருப்பதை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். பதில் எப்போது வரும், வருமா என்று தெரியாமல் இருப்பதுதான் உள்ளுக்குள் அரிக்கிறது.

இதற்கு ஒத்திகையும் பார்த்தாயிற்று. 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை 520 நாள், மாஸ்கோவில் ஆறு பேரை ஒரு மாதிரிக் கலத்துக்குள் அடைத்துவைத்து 'மார்ஸ்-500' சோதனையை நடத்தினார்கள். கதவுக்கு வெளியே ஊர் இருக்கிறது, ஆபத்து என்றால் திறந்துவிடுவார்கள் என்று ஆறு பேருக்கும் தெரியும். அப்படியும் நாளாக ஆக உடலசைவு குறைந்தது, பெரும்பாலானோருக்குத் தூக்கத்திலோ கவனத்திலோ கோளாறு வந்தது, ஒருவருக்குப் பெரும்பாலான வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு தகவல். ஆறு பேரும் தங்களுக்குள் முட்டிக்கொண்டதைவிட வெளியே இருந்த கட்டுப்பாட்டு அறையோடு முட்டிக்கொண்டது ஐந்து மடங்கு அதிகம். அடைத்துவைத்தால் ஒருவரையொருவர் கடித்துக் குதறிவிடுவார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். கோபமோ வெளியே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர்கள் மேல் போயிருக்கிறது.

இதோடு சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2015 கடைசியில் அங்கே ஜினியா பூச்செடி வளர்த்தார்கள். இலையில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டது. எப்போது தண்ணீர் விடுவது என்பதைத் தரையிலிருந்து அட்டவணை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, செவ்வாய்க்குப் போனால் இதை நாங்களேதானே முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சரி என்று ஒரே ஒரு பக்கக் குறிப்பை மட்டும் அவருக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் பூத்தது. ஒரு செடிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தானே தீர்மானிக்கிறவர் அந்த இடத்தில் குடியிருக்கிறார். உத்தரவுக்குக் காத்திருப்பவர் வெறுமனே அங்கே வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே செவ்வாய்க்குப் போகிறவர்களின் நாளை நிமிடக் கணக்கில் வகுத்துக் கொடுக்காதீர்கள். வாரத்துக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜன்னல் பிரச்சினையும் இருக்கிறது. நிலையத்தில் இருப்பவர்கள் ஓய்வு கிடைத்தால் ஜன்னலுக்கு வந்து பூமியைப் படம் எடுக்கிறார்கள், யாரும் சொல்லாமலேயே. செவ்வாயிலிருந்து பார்த்தால் பூமி ஒரு புள்ளி. 2014 ஜனவரியில் செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி வண்டி எடுத்த படத்தில் அது இன்னொரு நட்சத்திரம் போலத்தான் தெரிகிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஜன்னல் தரும் ஆறுதலுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று எனக்கும் பிடிபடவில்லை. செடி கொஞ்சம் உதவலாம்.

மனித குலத்தின் தனிமை தீரத்தான் போகிறோம் என்ற மேடைப் பேச்சை விட்டுவிடலாம். செவ்வாயில் இறங்கினால் வாங்க என்று கூப்பிட ஆள் கிடையாது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் 6,000-க்கு மேல் கண்டுபிடித்தாயிற்று, ஒன்றிலிருந்தும் குரல் வரவில்லை. செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியதே, பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசை; போவதற்கு அது போதும். அந்த ஆசை போகிறவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2018 ஜூனில் புழுதிப்புயலில், செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்ச்சுனிட்டி வண்டி மௌனமானது. மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு 2019 பிப்ரவரியில் முடிந்தது என்று அறிவித்தபோது, அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத எத்தனையோ பேர் அழுதார்கள். பேட்டரி தீர்கிறது, இருட்டுகிறது என்று அது கடைசியாகச் சொன்னதாகப் பரவிய வாசகம் ஒரு பத்திரிகையாளர் தன் சொற்களில் எழுதியது. வண்டி அனுப்பியது வெறும் எண்கள்தான். ஆனால் அழுதது பொய்யில்லை. போகிறவர்கள் நாலு பேர் என்றால் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அந்தக் கேட்கும் பாதிக்கு உங்கள் திட்டத்தில் இடமே ஒதுக்கவில்லை என்பதுதான் என் குறை.

அதனால்தான் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்த தலைமுறைகள் உண்டு. கேள்வி பதிலாக எழுதாமல், அன்றைய நாளையே எடுத்து எழுதி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அதைக் குடும்பத்தாருக்கும் சேர்த்து இப்போதே பழக்குங்கள். பயிற்சிக் காலத்திலேயே சில மாதம் நேரடிப் பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தும் பதிவு செய்த குரலும் மட்டும் என்று வையுங்கள். அப்புறம், எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அது அவருடைய அடுத்த பயணத்தைப் பறிக்காது என்று எழுத்தில் கொடுங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, கெட்ட செய்தி. 1978-இல் சல்யூட்-6 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் இருந்த கியோர்கி கிரெச்கோவுக்கு, அவர் தந்தை இறந்ததைத் தரையிறங்கிய பிறகுதான் சொன்னார்கள். 2007 டிசம்பரில் டேனியல் டானியின் தாய் விபத்தில் இறந்தபோது அவர் விண்வெளி நிலையத்தில் இருந்தார். அவருக்கு உடனே சொன்னார்கள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? போய்வர ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும் பயணத்தில் இது யாருக்காவது நடக்கத்தான் செய்யும். எதைச் சொல்லலாம், எதைத் திரும்பிவரும்வரை வைத்திருக்கலாம், யார் குரலில் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் கிளம்பும் முன்பு தங்கள் கைப்பட எழுதித் தரட்டும். மனம் மாறினால் நடுவழியில் திருத்தி அனுப்பவும் வழி இருக்கட்டும். கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருப்பவர் அந்த முடிவைத் தன் தலையில் போட்டுக்கொள்ள நேரக் கூடாது.

இப்படிக்கு,
பூமியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கப்போகிறவர்களில் ஒருவர்