பழம்பொருள் ஏல நிறுவனங்களில் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களின் குத்தீட்டியான இக்ல்வா உங்கள் கூடங்களில் விலைக்கு வரும்போதெல்லாம், பிரிட்டிஷாரும் ஜூலுக்களும் போரிட்ட 1879ஆம் ஆண்டும் கூடவே வந்துவிடுகிறது. ஜனவரி 22 அன்று இசாண்டல்வானா போர்க்களத்தில் எடுக்கப்பட்டது என்று எழுதுகிறீர்கள். அன்று தோற்று ஓடியது பிரிட்டிஷ் படை. உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்கள் நின்று ஈட்டி பொறுக்கினார்களா? மே மாதம் பிணங்களைப் புதைக்கத் திரும்பியவர்கள் எடுத்தார்கள் என்றாலும், ஜூலை 4 அன்று ஜூலு தலைநகரான உலுண்டி வீழ்ந்தபின் எடுத்தார்கள் என்றாலும் நம்ப இடமுண்டு. அதற்கும் ஒரு கடிதமோ குறிப்போ வேண்டாமா?

ஜூலு மன்னர் ஷாகா கண்டுபிடித்த ஆயுதம் என்பது உங்களுடைய அடுத்த வரி. 1816 அளவில் ஆட்சிக்கு வந்த அவர், எறியும் போரை விட்டு நெருங்கிக் குத்தும் போரைத் தம் படைக்குப் பழக்கினார். அகன்ற அலகுள்ள ஈட்டி அதற்கு முன்பே இருந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

இவ்வளவு கதை எழுதுபவர்கள், பொருளைப் பற்றி மட்டும் இரும்பு அலகு, மரக்கம்பு, நல்ல நிலை என்று முடித்துக்கொள்கிறீர்கள். என் மனக்குறை அதுதான்.

என்கண்ட்லா காட்டுப் பகுதியின் சூபே குலத்தார் பேர்பெற்ற கொல்லர்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக உலை வைத்து, ஆட்டுத்தோல் துருத்தியால் காற்றூதி, கரி நெருப்பில் காய்ச்சிய இரும்பைக் கல்லால் அடித்து அலகாக்கினார்கள். அலகின் மெல்லிய வால்பகுதியைப் பழுக்கக் காய்ச்சி, கம்பின் துளையில் சுட்டே இறக்கினார்கள். செடிக் கிழங்கின் பசை அதை இறுகப் பிடித்தது. மேலே நார்க்கட்டு. சில ஈட்டிகளில் அதற்கும் மேலே கன்றின் வால்தோலை ஈரத்தோடு உறைபோல் இழுத்து மாட்டினார்கள்; காயக் காயத் தோல் சுருங்கிக் கம்பைக் கவ்விக்கொள்ளும். ஆணி கிடையாது. உடலில் பாய்ந்த ஈட்டியை இழுத்தெடுக்கும்போது அலகு கழன்றுவிட்டால் வீரன் கதி என்ன? ஆகவே என் கண்ணுக்கு இந்த ஆயுதத்தின் உயிர்நாடி அலகைவிட இந்தக் கட்டுதான். உங்கள் படங்களில் அது ஏனோ எப்போதும் நிழலில் கிடக்கிறது.

கட்டு நாரா, தோலா, கம்பியா என்று எழுதுங்கள். சம்மட்டித் தடம் தெரிகிறதா, அலகு ஒரே சீரான தடிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்கள் கொண்டுவந்த ஐரோப்பிய இரும்பும் அங்கே புழங்கியது. பின்னாளில் பயணிகளுக்கு விற்கவென்றே செய்த ஈட்டிகளும் உண்டு. சிறிய அலகும் நீண்ட இரும்புக் கழுத்தும் இருந்தால் அது எறியீட்டியான இசிஜுலா. அதைக் குத்தீட்டி என்று விற்காதீர்கள். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்புக்காகத் தேய்த்த அலகில் கொல்லரின் அடியும் போய்விடும், வயதை அறியும் வழியும் போய்விடும்.

போரில் எடுத்தது என்பதற்கு உண்மையான சான்று கையில் இருந்தால், உலுண்டி அருகே ஒண்டினியில் இருக்கும் குவாசூலு பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கு ஏல நாளுக்கு முன்பே எழுதுங்கள். உங்கள் விலைக்கு அவர்களால் வாங்க முடியாமல் போகலாம். அளவும் படமும் சான்றின் நகலுமாவது அவர்களிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய இரும்பில் ஆர்வமுள்ள ஒரு வாசகன்