13ஆவது சுற்றுக்கு மணி அடித்த காலம்

ஆசிரியருக்கு,

வணக்கம். உலகக் குத்துச்சண்டையின் தலைசிறந்த வீரர்களை வரிசைப்படுத்தித் தங்கள் இதழின் சென்ற வார விளையாட்டுப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 50 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத ஃப்ளாயிட் மேவெதர் முதலிடத்திலும், 49 போட்டிகளில் தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ அடுத்த இடத்திலும் இருக்க, 19 தோல்விகளைக் காரணம் காட்டி சுகர் ரே ராபின்சனை 9ஆம் இடத்துக்குத் தள்ளியிருந்தீர்கள். தோல்வி என்ற கட்டத்தில் பூஜ்யம் உள்ளவரே பெரியவர் என்ற அந்த அளவுகோலை ஏற்க முடியவில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நான் வடசென்னை அமெச்சூர் போட்டிகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் டைம் கீப்பராக இருந்தவன். ரிங்கில் எத்தனை அமர்க்களம் நடந்தாலும் என் பார்வை ஸ்டாப் வாட்ச்சின் முள்ளைவிட்டு நகரக் கூடாது; முள் வந்து சேர்ந்ததும் சுத்தியலால் மணியைத் தட்ட வேண்டும். அந்தப் பழக்க தோஷத்தால், பழைய சாம்பியன்களின் போட்டிக் குறிப்புகளைப் படிக்கும்போதும், யார் வென்றார் என்பதற்கு முன்னால் எந்தச் சுற்றில், எந்த விநாடியில் முடிந்தது என்பதைத்தான் தேடுவேன். அப்படித் தேடியபோது கண்ணில் பட்டவற்றைக் கட்டுரையாளரும் பார்த்திருந்தால் மார்சியானோவின் பூஜ்யத்தை அவ்வளவு எளிதாக நம்பியிருக்கமாட்டார்.

இன்று உலகப் பட்டத்துக்கான போட்டி 12 சுற்று. பல பத்தாண்டுகளாக அது 15 சுற்றாக இருந்தது. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆவது சுற்றில் வீழ்ந்து, நினைவு திரும்பாமலே சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு உலகக் குத்துச்சண்டை கவுன்சில் முதலில் 12 சுற்றுக்கு மாற, மற்ற அமைப்புகளும் 1980களின் இறுதிக்குள் பின்தொடர்ந்தன. உயிர் காக்க எடுத்த முடிவு என்பதால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 15 சுற்றுக் காலத்து வீரர்களையும் 12 சுற்றுக் காலத்து வீரர்களையும் ஒரே அட்டவணையில் எழுதும்போது, வேறு வேறு விளையாட்டை ஆடியவர்களை அருகருகே நிறுத்துகிறோம் என்ற நினைவாவது இருக்க வேண்டும்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்பியா. ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டத்தைப் பறித்த இரவு. முதல் சுற்றிலேயே மார்சியானோ தரையில் விழுந்தார். 12 சுற்று முடிந்தபோது, ஒவ்வொரு சுற்றும் யாருக்கு என்று நடுவர்கள் குறித்துவைக்கும் மூன்று அட்டைகளிலும் வால்காட்தான் முன்னிலையில் இருந்தார். 13ஆவது சுற்றின் 43ஆவது விநாடியில் மார்சியானோவின் வலதுகைக் குத்து ஒன்று வால்காட்டின் தாடையில் இறங்கியது. அவர் கயிற்றில் ஒரு கையைக் கோத்தபடியே மண்டியிட்டுச் சரிந்தார். இன்றைய விதிப்படி அந்தச் சுற்றே கிடையாது. வால்காட் பட்டத்தோடு வீடு திரும்பியிருப்பார். மார்சியானோவின் கணக்கில் தோல்வி ஒன்று ஏறியிருக்கும். நாம் இன்று பேசும் பூஜ்யமும் இருந்திருக்காது.

அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1941 ஜூன் 18 அன்று, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயியை எதிர்த்தவர் பில்லி கான். எடையில் லூயியைவிட மிகவும் குறைந்தவர் என்றாலும் 12 சுற்று முடிவில் கான் இரண்டு அட்டைகளில் முன்னிலை, ஒன்றில் சமநிலை. எட்டி நின்று ஆடியிருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். அவரோ 13ஆவது சுற்றில் லூயியை வீழ்த்தியே தீருவது என்று நெருங்கிப் போய், சுற்று முடிய 2 விநாடி இருக்கும்போது நாக் அவுட் ஆனார். டைம் கீப்பராக இருந்தவனுக்கு அந்த 2 விநாடியை நினைத்தால் இன்றும் கை பரபரக்கும். இன்றைய விதிப்படி இந்தச் சண்டையும் கானுக்கே போயிருக்கும்.

போட்டி 12 சுற்றுதான் என்று முன்பே தெரிந்திருந்தால் லூயியும் மார்சியானோவும் முன்கூட்டியே வேகம் எடுத்திருக்கமாட்டார்களா என்று கேட்கலாம். எடுத்திருப்பார்கள். 15 சுற்றுக்கு மூச்சைப் பங்கு போட்டு ஆடுபவரும் 12 சுற்றுக்குப் பங்கு போடுபவரும் முதல் சுற்றிலிருந்தே வேறு மாதிரித்தான் ஆடுவார்கள். அதனால் நான் அவர்களுடைய வெற்றியைப் பறிக்க வரவில்லை. பூஜ்யம் என்பது வீரரின் கையில் மட்டும் இருந்த விஷயமில்லை, மணி அடிப்பவரின் கையிலும் இருந்தது என்று சொல்ல வருகிறேன்.

அதே மணி ராபின்சனுக்கு எதிராக அடித்தது. 1952 ஜூன் 25 இரவு, யாங்கி ஸ்டேடியத்தில், மிடில்வெயிட் சாம்பியனான அவர் தன்னைவிடக் கனத்த ஜோயி மாக்சிமிடம் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார். ரிங் அருகே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். சண்டை போடாத ரெஃபரி ரூபி கோல்ட்ஸ்டீனே 10ஆவது சுற்றுக்கு மேல் நிற்க முடியாமல் விலகி, வேறொருவர் அவர் இடத்துக்கு வர வேண்டியிருந்தது. எல்லா அட்டைகளிலும் வெகுதூரம் முன்னிலையில் இருந்த ராபின்சன், 13ஆவது சுற்றில் வீசிய குத்து குறி தவறி, வீசிய வேகத்தில் தானே முகங்குப்புற விழுந்தார். சுற்று முடிந்ததும் அவரை மூலைக்குத் தாங்கிக்கொண்டு போனார்கள்; 14ஆவது சுற்றுக்கு மணி அடித்தபோது அவரால் எழ முடியவில்லை. 12 சுற்றாக இருந்திருந்தால், முன்பே வெல்டர்வெயிட் பட்டமும் வென்றிருந்த அவர் மூன்று எடைப் பிரிவுகளின் சாம்பியன். தங்கள் கட்டுரையிலோ இது வெறுமனே “தோல்வி – 1”.

அந்த 19 தோல்விகளையும் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 1940இல் தொழில்முறைக்கு வந்தவர் முதல் 40 போட்டிகளையும் வென்றார். 1943 பிப்ரவரியில், தன்னைவிட 7 கிலோ எடை கூடுதலான ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வி. மூன்றே வாரத்தில் அதே லமோட்டாவை மீண்டும் சந்தித்து வென்றார். இருவரும் மோதிய 6 முறைகளில் லமோட்டாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். அடுத்த தோல்வி 1951 ஜூலையில், லண்டனில் ராண்டி டர்பினிடம். இரண்டு மாதத்தில் அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது, மேலே சொன்ன மாக்சிம். ஆக, முதல் 12 ஆண்டுகளில் தோல்விகள் மூன்றே மூன்று. ஓய்வு பெற்று, பணத் தேவைக்காக 1955இல் திரும்பி வந்த பிறகு சேர்ந்தவை மீதி 16. அவற்றிலும் 5 தோல்விகள் அவர் 44 வயதில் ஆடிய 1965இல் மட்டும் வந்தவை. திரும்பி வந்த காலத்திலும் மிடில்வெயிட் பட்டத்தை மறுபடி மறுபடி வென்றிருக்கிறார். 32 வயதில் கையுறையைக் கழற்றிவிட்ட மார்சியானோவின் விவேகத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் விவேகத்துக்குத் தனி மதிப்பெண் போடலாமே தவிர, 44 வயதுக்காரரின் தோல்வியை வைத்து அவருடைய 25 வயதை மதிப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

மேவெதரின் ஆட்டத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தற்காப்பில் அவரை மிஞ்ச ஆள் தேடவேண்டும். ஆயினும் அந்த 50இல், 2002 ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுடன் நடந்த முதல் சண்டையை நடுவர்கள் தவறாகக் கொடுத்தார்கள் என்று நினைக்கும் ரசிகர்கள் இன்றும் பலர் உண்டு. 50ஆவது வெற்றி 2017இல் கோனர் மெக்ரிகர் மீது கிடைத்தது. மெக்ரிகருக்கு அதுதான் தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் போட்டி. கட்டத்தில் அதற்கும் ஒன்று, லமோட்டாவை வென்றதற்கும் ஒன்று.

காலம் கடந்த ஒப்பீட்டைக் கணினியிடமே விட்டுப் பார்த்த கதையும் உண்டு. 1969இல், பட்டம் பறிக்கப்பட்டு ஆட முடியாமல் இருந்த முகமது அலியையும், ஓய்வு பெற்று 13 ஆண்டுகளான மார்சியானோவையும் மயாமியில் ஒரு ரிங்கில் ஏற்றி, கணினி சொல்லும் முடிவைக் காட்டுவதற்காகப் பல முடிவுகளோடு பொய்ச் சண்டை படமாக்கினார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது மார்சியானோ நாக் அவுட்டில் வென்றார். எந்தச் சுற்றில் என்று நினைக்கிறீர்கள், அதே 13ஆவது சுற்றில்! பிரிட்டனில் காட்டப்பட்ட பதிப்பிலோ வென்றவர் அலி. பார்க்கிறவர் ஊருக்கு ஏற்ப முடிவு மாறும் ஒப்பீட்டை அன்றே செய்து முடித்துவிட்டார்கள்.

பின் எதைத்தான் பார்ப்பது? தன் காலத்தில் தனக்கு ஆபத்தானவர் யார் என்று தெரிந்து, அவரோடு ரிங்கில் ஏறினாரா என்பதை முதலில் பார்க்கலாம். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று, ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனை நான் மிகவும் மதிக்கிறேன். அவரும் சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பே தரவில்லை. ஜாக் டெம்ப்சியின் காலம் முழுக்க ஹாரி வில்ஸ் காத்துக் கிடந்ததுதான் மிச்சம். லூயியோ 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மட்டும் 7 முறை பட்டத்தைப் பணயம் வைத்தார். மாதம் ஒரு சோப்ளாங்கியை அடிக்கிறார் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்த வரிசையில் ஏழாவதாக வந்தவர்தான் மேலே சொன்ன பில்லி கான். மொத்தம் 25 முறை பட்டத்தைக் காத்த லூயி, தங்கள் முதல் ஐந்தில் இல்லாதது எனக்கு ராபின்சனின் 9ஆம் இடத்தைவிடவும் வியப்பளித்தது. என்னைக் கேட்டால் ராபின்சன், லூயி, அலி என்ற வரிசையில் எழுதுவேன்.

அலியைப் பற்றி ஒன்று. 1980 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்து, முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது, நானும் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெளிச்சமும் அதற்கு நடுவே நகர்ந்த ஒரு பெரிய உருவமும்தான். என்னை அழைத்துப்போன மாமா, “காலைப் பாருடா, கையைப் பாக்காத” என்று காதில் கத்திக்கொண்டே இருந்தார். 38 வயது, ஓய்வு அறிவித்துவிட்ட நிலை, கணக்கில் 3 தோல்விகள். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடமும், அடுத்த ஆண்டு டிரெவர் பெர்பிக்கிடமும் தோற்று அது 5 ஆயிற்று. தங்கள் கட்டுரை அவரை 6ஆம் இடத்தில் வைக்கக் காரணமாகச் சொன்ன “5 தோல்விகள்” என்பதில் அந்த இரண்டும் அடக்கம்.

அடுத்த முறை இப்படியொரு பட்டியலை வெளியிடும்போது, வெற்றி, தோல்வி என்ற கட்டங்களோடு, போட்டி நாளன்று இருவரின் வயது, எடை, விதிக்கப்பட்டிருந்த சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இடம் போதாவிட்டால், இடது ஓரத்தில் உள்ள தரவரிசை எண்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் கீப்பர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 13.