ஆரோவில்லில் சேர விரும்பும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரி பக்கத்திலுள்ள ஆரோவில் ஊரில் சேர்ந்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். போட்டியும் பொறாமையும் இல்லாத சமூகத்தில் மனிதர்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக வாழ முடியுமா என்றும் கேட்டிருந்தாய். முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ எதிர்பார்க்கிற மாதிரி அல்ல.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர் அது. 50,000 பேருக்கென்று திட்டமிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் ஏறக்குறைய 3,000 பேர்தான் இருக்கிறார்கள். பணம் ஆட்சி செய்யாத இடம் என்பது, ஊரை நிறுவிய அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் கனவு. ஆனால் புதிதாகச் சேர வருபவர் முதல் ஓராண்டுச் செலவுக்குத் தம் பணத்தைத்தான் நம்ப வேண்டும். 1973இல் அன்னை மறைந்ததும் நிர்வாகம் யார் கையில் என்ற பூசல் மூண்டு, 1980இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தலையிட்டது. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களைச் சாய்க்க இயந்திரங்கள் வந்தபோது ஊரே இரண்டுபட்டது.

இதனாலெல்லாம் அந்தக் கனவு பொய்யாகிவிடாது. இன்று அங்கே வளர்ந்து நிற்கும் காட்டைப் பார். முதலில் வந்தவர்கள் கண்டது, அங்கங்கே பனை நின்ற செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் கரைந்து கடலுக்கு ஓடும். அதனால் கன்று நடுவதற்கு முன்பே வரப்பு போட்டு, ஓடைகளைக் குறுக்கே மறித்து, விழுந்த தண்ணீரை விழுந்த இடத்திலேயே இறங்க வைத்தார்கள். பிறகு ஆடு மாடு மேயாமல் காவல் காத்தார்கள், கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். பக்கத்துக் கிராமங்களான குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி மக்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஓலைக்குடிசையில் கிடந்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அங்குள்ள மூத்தவர்களின் முகம் மலர்கிறது. குறையில்லாத ஊர் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. உயிரைக் கொடுத்துச் செய்ய ஒரு வேலையும், கூட நின்று செய்ய ஆட்களும் கிடைத்தார்கள்.

நீ மிகவும் களைத்திருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. சண்டையில்லாத இடம் தேடி அங்கே போனால் சீக்கிரமே மனம் உடைந்துபோவாய். அங்கும் கூட்டங்களில் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். வேலையை விட்டுவிடாதே, நீண்ட விடுப்பு எடுத்துத் தன்னார்வலராகப் போய் இரு. காட்டிலோ பள்ளியிலோ ஒரு வேலையைப் பொறுப்பாக எடுத்துச் செய். அங்கே வேலைக்கு வரும் கிராமத்துப் பெண்களோடும் பேசு. அந்த ஊர் அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று கேள்.

அதற்குப் பிறகும் சேரத் தோன்றினால், அந்த முதலாண்டுச் செலவை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா