எதை வைத்து அளந்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் சூரியப் புள்ளிகள் (சூரியன் முகத்தில் தெரியும் கறுப்புப் பொட்டுகள்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள காந்தப்புலத்தை விஞ்ஞானிகள் அளந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எதை வைத்து அளந்தார்கள்? 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் காந்த ஊசியை நீட்டியது யார்?

சேலம் முதல் அக்ரகாரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து பி.எஸ்சி. இயற்பியல். போலராய்டு கண்ணாடி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) வாங்க வருகிறவர்கள் அசல்தானா என்று கேட்பார்கள். கண்ணாடி வழியாகச் செல்போன் திரையைப் பார்த்தபடியே போனைத் திருப்பச் சொல்வேன். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். ஏற்காடு போகிறவர்கள் ஏரிக்கரையில் தலையைச் சாய்த்துப் பார்க்கலாம். தண்ணீர் மேல் அடங்கியிருந்த கண்கூசும் பளபளப்பு திரும்ப வரும். (சூரியனை இதைப் போட்டுக்கொண்டு பார்க்கவே கூடாது.)

1908-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். சூரியப் புள்ளியின் நிறமாலையில் (ஒளியை வானவில் போல நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில்) சில கறுப்பு வரிகள் இரட்டையாகத் தெரிந்தன. ஒளி வரும் வழியில் போலராய்டு போலவே வேலை செய்யும் நிக்கோல் பட்டகத்தை வைத்துத் திருப்பினார். இரட்டையில் ஒன்று மங்க, மற்றது எடுப்பாகத் தெரிந்தது. காந்தப்புலத்தில் நிறமாலை வரி பிளக்கும் என்று டச்சு இயற்பியலாளர் சீமன் 1896-லேயே ஆய்வகத்தில் கண்டிருந்தார். வரிகள் விலகிய அளவை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 3000 காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு). நம் ஊரில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமிக் காந்தம் அரை காஸ்கூட இல்லை.

சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த ஒளி ஒரே அடுக்கிலிருந்து வருவதில்லை. இரண்டு போலராய்டை எதிரெதிராக வைத்துக் கறுக்கவிட்டு, நடுவே செலோ டேப்பைச் சாய்வாக நுழைத்துப் பாருங்கள், டேப் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகும். சூரியனில் காந்தப்புலத்தில் இருக்கும் வாயுவே அந்த டேப்பின் வேலையைச் செய்கிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சி, கொஞ்சம் உமிழ்ந்து, அதன் தளவிளைவையும் (ஒளி எந்தத் திசையில் எப்படி அதிர்கிறது என்பதையும்) மாற்றி மேலே அனுப்புகிறது. வெறும் பிரகாசத்தை வைத்து இதைக் கணக்கிட முடியாது. ஒளியின் பிரகாசத்தையும் தளவிளைவையும் சொல்ல இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852-ல் வகுத்த நான்கு அளவுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். நட்சத்திர ஒளிக்கு அதை 1946-ல் செய்து காட்டியவர் நம்ம வானியற்பியலாளர் சந்திரசேகர். காந்தப்புலத்தைச் சேர்த்து 1956-ல் சமன்பாடு எழுதியவர் ஜப்பானியரான உன்னோ.

கொடைக்கானலிலேயே சூரிய ஆய்வகம் இருக்கிறது. அடுத்த தடவை பிளந்த வரியின் படம் ஒன்றாவது போடுங்கள். அதே கறுப்புப் பொட்டை எத்தனை முறைதான் பார்ப்பது!

இப்படிக்கு,
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்,
சேலம்-1.